உரிய அலகில் எட்டு

1942ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், ஜப்பான்காரன் பட்டணத்தின்மேல் குண்டு போடப்போகிறான் என்ற பேச்சு கிளம்பியதும் சென்னையில் இருந்த சர்க்கார் ஆபீசுகள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டுப் பக்கம் ஓடின. அப்படி ஓடியவற்றில் ஒன்று மாகாணப் பௌதிக ஆராய்ச்சி நிலையம். அதற்குத் திருத்தணியில், மலையடிவாரத்தில், ஒரு பழைய சத்திரம் ஒதுக்கப்பட்டது. சில மாதங்களில் பயம் தெளிந்து மற்ற ஆபீசுகள் எல்லாம் பட்டணம் திரும்பின. இது மட்டும் திரும்பவில்லை. திரும்பி வரச் சொல்லி உத்தரவு வரவில்லை என்பது ஒரு காரணம். பட்டணத்தில் அது இருந்த கட்டடத்தில் ரேஷன் ஆபீஸ் குடியேறிவிட்டது என்பது இன்னொரு காரணம். அது ஊரில் இல்லாததை யாரும் கவனிக்கவே இல்லை என்பதுதான் உண்மையான காரணம். ஆனால் அதை எந்தக் கோப்பிலும் எழுதி வைக்கவில்லை.

நிலையத்தில் முப்பத்தொரு பேர் வேலை பார்த்தார்கள். அதில் ஆராய்ச்சி செய்வதற்கென்று ஏற்பட்ட உத்தியோகம் ஒன்று. அது காலியாக இருந்தது.

1944இல் அந்த இடத்துக்குத் துளசிங்கம் வந்து சேர்ந்தான். ஆர்.கே.பேட்டையில் தறி போடும் குடும்பம். ஸ்காலர்ஷிப்பிலேயே படித்துப் பட்டணத்தில் எம்.எஸ்ஸி. முடித்தவன். அவன் படித்தது குவாண்டம் புலக் கொள்கை. அந்த நாளில் மாகாணத்தில் அதைப் படித்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். வேலை கொடுக்கிறவர்களை எண்ண விரலே தேவைப்படாது. அப்படிப்பட்ட வேலை தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்திருப்பதை அவனால் நம்ப முடியவில்லை. அவன் அப்பா துரைக்கண்ணு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். "பட்டணத்து ஆபீசே எங்க பையனைத் தேடிகினு வந்து கீதுப்பா."

வேலையில் சேர்ந்த முதல் நாள் துளசிங்கம் கேட்டது காகிதமும் பென்சிலும். ஆபீஸ் சூப்பரிண்டெண்டெண்ட் நாராயணசுவாமி அவனை இரக்கத்தோடு பார்த்தார்.

"கருவி என்ன வேணும்னு சொல்லுங்கோ."

"கருவி ஒண்ணும் வேணாங்க. நான் போடறது கணக்கு."

"கருவி இல்லாத ஆராய்ச்சியாளருக்குக் காகிதம் கொடுக்க விதியில்லை."

ஆகவே அவன் பேரில் ஒரு தராசும், இரண்டு கண்ணாடிக் குடுவையும், ஒரு ஸ்பிரிட் அடுப்பும் எழுதப்பட்டன. மாதாமாதம் முதல் தேதி அவை பத்திரமாக இருக்கின்றன என்று அவன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் நாற்பது தாள் காகிதமும் ஒரு பென்சிலும் கிடைக்கும். அடுத்த பென்சில் வேண்டுமானால் பழைய பென்சிலின் துண்டைக் காட்ட வேண்டும். துண்டு ஒரு அங்குலத்துக்கு மேல் இருந்தால், இன்னும் எழுதலாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு தடவை துண்டு காணாமல் போய்விட்டது. அதற்கு விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றும் நல்ல காகிதத்தில், மேலும் கீழும் வெறுமையாக விட்டு, நடுவில் நாலு வரி தட்டெழுதியவை. துளசிங்கம் அவற்றின் பின்புறத்தில் ஒரு வாரம் கணக்குப் போட்டான்.

அவன் போட்ட கணக்கு இதுதான். எலக்ட்ரான் என்பது மின்சாரத்தின் மிகச் சிறிய துணுக்கு. அது தன்னைச் சுற்றி ஒரு புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம் திரும்ப எலக்ட்ரான்மேலேயே வேலை செய்கிறது. அதனால் எலக்ட்ரானின் எடை எவ்வளவு கூடுகிறது என்று பார்த்தால், கணக்கு எங்கேயும் நிற்காமல் ஓடி, விடை முடிவில்லாததாக வந்துவிடுகிறது. உலகத்தில் அந்தக் கணக்கைப் போட்ட எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷங்களாகப் பெரிய மூளைக்காரர்கள் எல்லாம் அங்கே முட்டிக்கொண்டு நின்றார்கள். திருத்தணி சத்திரத்தில், ஒரு ஜன்னலுக்குப் பக்கத்தில், துளசிங்கமும் முட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கை கொடுக்க வேண்டும். படிவத்தில் 'கேள்வி' என்று ஒரு கட்டம், 'விடை' என்று ஒரு கட்டம். விடைக் கட்டத்தில் துளசிங்கம் முடிவிலிக்கு உரிய குறியைப் போட்டான். எட்டைப் படுக்கவைத்த மாதிரி இருக்கும் அது. தட்டெழுதி வந்த பிரதியில் எட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தது.

அவன் அதை எடுத்துக்கொண்டு நாராயணசுவாமியிடம் போனான்.

"இது எட்டு இல்லீங்க. படுக்கவச்சுப் போட்டிருந்தேன். முடிவே இல்லாததுன்னு அர்த்தம்."

நாராயணசுவாமி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பார்த்தேன். சர்க்கார் ரிக்கார்டில் எண் படுத்துண்டிருக்கப்படாது. அதான் நிமிர்த்தச் சொன்னேன்."

"நிமிர்த்தினா விடையே மாறிடுதுங்களே."

"மிஸ்டர் துளசிங்கம், முடிவில்லாததுன்னு நான் மேலே எழுதினா, எப்போ முடியும்னு திருப்பிக் கேட்பான். அதுக்கு நான் என்ன பதில் போடறது? எட்டுன்னு போட்டா ஒருத்தனும் ஒண்ணும் கேட்கமாட்டான். முப்பது வருஷ சர்வீஸ்லே சொல்றேன்."

அவர் சொன்னது சரிதான். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த மூன்று மாதத்திலும் எட்டு போயிற்று. அதற்கடுத்த மூன்று மாதத்திலும் எட்டே போனபோதுதான் துளசிங்கத்துக்கு ஒரு குறிப்பு வந்தது. 'தொடர்ந்து மூன்று காலாண்டுகளாக விடையில் வளர்ச்சி காணப்படவில்லை. வருங்காலத்தில் கூடுதல் கவனம் செலுத்தவும்.'

நிலையத்தின் டைரக்டர் ராவ் பகதூர் கஜபதி. அவர் சின்ன வயதில் லண்டனுக்குப் போய், பதனிட்ட தோலில் எவ்வளவு ஈரம் நிற்கும் என்பதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியவர். அதற்குப் பிறகு அவர் எழுதியதெல்லாம் கையெழுத்துதான். ஆனால் பிரசங்கம் செய்வார். 1945இல் ஜப்பான்மேல் அணுகுண்டு விழுந்ததும் ஊரெல்லாம் அணு, எலக்ட்ரான் என்றே பேச்சாக இருந்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரே பந்தல் போட்டு அவரைப் பேசக் கூப்பிட்டார்கள். துளசிங்கம் பின்வரிசையில் போய் உட்கார்ந்தான்.

"மகாஜனங்களே," என்றார் ராவ் பகதூர். "இந்த எலக்ட்ரான் கணக்கில் முடிவு காணமுடியாமல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் தவித்துக்கொண்டிருக்கின்றன. நமது நிலையத்தில் முடிவு கண்டாகிவிட்டது. விடை எட்டு. அந்தக் கணக்கை நான் பார்த்தேனா என்று சிலர் கேட்கலாம். பார்க்கவில்லை. ஒன்றைப் பார்த்துவிட்டுப் பொறுப்பேற்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் முடியும். பார்க்காமலே பொறுப்பேற்பவன்தான் தலைவன்."

பந்தல் அதிரக் கைதட்டினார்கள். மாலை போட்டார்கள். பக்கத்தில் இருந்த அரிசி மண்டிக்காரர் துளசிங்கத்தின் தோளைத் தட்டி, "எட்டாமே, நம்ப ஊர்ல கண்டுபிடிச்சாங்களாம்" என்றார். துளசிங்கம் பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். மத்தியானம் சாப்பிட்ட மோர்க்குழம்புதான் காரணம் என்று வீட்டில் சொன்னான்.

மறுநாள் டைரக்டரைப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுவது என்று போனான். நாராயணசுவாமி வாசலிலேயே மறித்தார். டைரக்டரைப் பார்ப்பதற்கு எழுத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், காரணம் குறிப்பிட வேண்டும். 'விடை தவறு' என்று காரணம் எழுதினான். விண்ணப்பம் பதினோரு நாள் கழித்துத் திரும்பி வந்தது. அதில் சிவப்பு மையில், 'விடையை அளித்தவர் இவரே. தவறானால் நடவடிக்கைக்கு உரியவரும் இவரே. வற்புறுத்துகிறாரா?' என்று கேட்டிருந்தது. அவன் வற்புறுத்தவில்லை. அவனுக்கு அப்போதுதான் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள்.

பெண் மாமன் மகள் மணியம்மை. கல்யாணமாகி அவள் திருத்தணிக்கு வந்து, மலைக்குப் போகிற வழியில் ஒரு சந்தில் குடித்தனம் வைத்தபோது சட்டசபை மறுபடியும் கூட ஆரம்பித்திருந்தது. அதில் ஒரு மெம்பர் எழுந்து, திருத்தணியில் கண்டுபிடித்த எட்டு என்பது எட்டு என்ன என்று கேட்டுவிட்டார்.

நிலையத்தில் அன்று மாலையே ஒரு கமிட்டி ஏற்பட்டது. அலகுக் கமிட்டி என்று பெயர். ஐந்து மெம்பர்கள். ஒருவர் எடைகள் அளவுகள் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒருவர் வக்கீல், ஒருவர் டைரக்டரின் சம்பந்தி, ஒருவர் எந்தக் கூட்டத்துக்கும் வராதவர். ஐந்தாவது நாராயணசுவாமி. துளசிங்கத்தைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள்.

"எட்டுத் தோலாவா, எட்டு இறாத்தலா?" என்று கேட்டார் எடைகள் இலாகாக்காரர்.

"எலக்ட்ரான்ங்க அது. கண்ணுக்கே தெரியாது. அதோட, விடை எட்டே இல்லீங்க."

வக்கீல் கையை உயர்த்தினார். "விடை எட்டா இல்லையா என்பது இந்தக் கமிட்டியின் வரம்புக்குள் வராது. எட்டு என்ன என்பதற்கு மட்டும் பதில் சொல்லும்."

"ஒண்ணுமில்லீங்க."

"எட்டு ஒண்ணுமில்லை என்று எழுதலாமா?" என்று சம்பந்தி கேட்டார். அதை அவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார்.

மூன்று முறை கூடி, மூன்று முறையும் கேசரியும் காப்பியும் சாப்பிட்டு, கமிட்டி ஒரு முடிவுக்கு வந்தது: உரிய அலகில் எட்டு. சட்டசபை அதை ஏற்றுக்கொண்டது. சத்திரத்து வாசலில் இருந்த போர்டில் நிலையத்தின் பெயருக்குக் கீழே அதையும் கறுப்புப் பெயிண்டில் எழுதினார்கள்.

அந்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்குக் கூட்டம் தாங்கவில்லை. சத்திரம் கட்டியவர் காலத்தில் இருந்து காவடிக்காரர்களுக்கு அங்கே தங்க உரிமை உண்டு. சர்க்கார் வந்தும் அந்த உரிமை போகவில்லை. மூன்று நாள் ஆராய்ச்சி நிலையத்தில் காவடிகள் நின்றன. பதிவேட்டு அறையில் புளியோதரை கட்டினார்கள். துளசிங்கத்தின் தராசுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் மொட்டைத் தலைகளில் சந்தனம் அரைத்துப் பூசிக்கொண்டிருந்தது. நாராயணசுவாமி லீவு போட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த மூன்று நாள்தான் ஆபீசில் ஆட்கள் அவரவர் செய்யவந்த காரியத்தைச் செய்துகொண்டிருந்தார்கள்.

துளசிங்கம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு அது பிடிபட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்து, சோற்றைத் தொடாமல் மணியம்மையிடம் சொன்னான்.

"இதோ பாரு. காவடி தூக்கிகினு வரானே, அவனைக் காவடியோட தராசுல நிக்கவெச்சா ஒரு எடை வரும். ஆங்?"

"ஆங்."

"காவடிய எறக்கவே மாட்டேன்றான்னு வெச்சிக்கோ. பொறந்ததுல இருந்தே தோள்ல கீது. அப்ப ஆளு எடை எவ்ளோ, காவடி எடை எவ்ளோன்னு தனித்தனியா யாரால சொல்ல முடியும்?"

"முடியாது. எதுக்குச் சொல்லணும்?"

துளசிங்கம் அவளையே பார்த்தான். "அதான். எதுக்குச் சொல்லணும்? இத்தினி வருசமா எல்லாரும் காவடிய மட்டும் தனியா எடை போட்டுகினு கீறோம். அதான் முடிவே இல்லாம போவுது. நாம கையில அளக்கற எடையிலேயே அது சேந்துதான் கீது. அப்போ சமதரையில நடக்கறப்ப எப்பிடி ஆடறான், மலை ஏர்றப்ப எப்பிடி ஆடறான்னு ரெண்டுக்கும் வித்தியாசத்த மட்டும் பாத்தா போதும். முடிவில்லாதது ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும். சின்னதா ஒண்ணு மிச்சம் நிக்கும்."

"இன்னா நிக்கும்?"

"தெரியல. போட்டுப் பாக்கணும்."

"மொதல்ல சாப்பிடுங்க பாவா. சோறு ஆறுது."

நாலு மாதம் ஆயிற்று. தனியாக ஓடும் எலக்ட்ரான் ஒரு பக்கம், ஹைட்ரஜன் அணுவுக்குள் கட்டுண்ட எலக்ட்ரான் ஒரு பக்கம். ஒன்றில் இருந்து இன்னொன்றைக் கழித்தான். நடுவில் இரண்டு தடவை பிசகிற்று. டிசம்பரில் ஒரு நாள் காலை, கழிக்க வேண்டியதெல்லாம் கழிந்து, ஒரு சின்ன எண் தாளின் அடியில் வந்து நின்றது. அளந்து பார்க்கக்கூடிய, சுத்தமான ஓர் எண். துளசிங்கம் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வெயிலில் நின்றான். அப்படி ஒரு சந்தோஷம் அவனுக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை. பியூன் சின்னசாமி அவனைப் பார்த்து, "இன்னா சார், சம்பளம் ஏத்திட்டாங்களா?" என்று கேட்டான்.

1946 டிசம்பர் 11ஆம் தேதி, பத்துப் பக்கக் கட்டுரையை வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பும்படி கோரி ஆபீசில் கொடுத்தான். நிலையத்தில் இருப்பவர் எதையும் நேரே அனுப்பக்கூடாது. முறைப்படி மேலே போய்த்தான் வெளியே போகவேண்டும்.

முறைப்படி அது மேலே போகத் தொடங்கியது. தட்டெழுதும் இயந்திரத்தில் கணக்குக் குறிகள் இல்லை என்று ஜனவரியில் திரும்பியது. கையால் எழுதிய பிரதியே போகட்டும் என்று முடிவாகப் பிப்ரவரி ஆயிற்று. திருத்தணி அப்போது சித்தூர் ஜில்லா. ஆகவே ஜில்லா ஆபீசுக்குத் தெலுங்கில் ஒரு சுருக்கம் போக வேண்டியிருந்தது. மொழிபெயர்த்தவர் புரியாத குறிகளை எல்லாம் விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தார். 'ஆகையால்', 'எனவே', 'இதிலிருந்து' என்ற மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும் ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. ஏப்ரலில், இந்த ஆராய்ச்சியால் பயிர்களுக்கும் கால்நடைகளுக்கும் தீங்கில்லை என்று சர்ட்டிபிகேட் கேட்டார்கள். கால்நடை டாக்டர் நல்ல மனுஷர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மாட்டுக்கு எந்த வழியாக் குடுக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

ஜூன் மாதம் டைரக்டர் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் கட்டுரை கிடந்தது. பின்னால் நாராயணசுவாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"உட்கார் அப்பா. நல்ல கையெழுத்து உனக்கு. கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன். விடை வேறு என்னமோ போட்டிருக்கிறாயே."

"அதான் சார் சரியான விடை."

"இருக்கலாம். அதில் நான் தலையிடமாட்டேன். ஆனால் நிலையம் எட்டு என்று சொல்லியிருக்கிறது. சட்டசபையில் ஏறியிருக்கிறது. வாசலில் எழுதியிருக்கிறது. நீ கடைசி வரியில் எட்டு போட்டுக் கொடு. நடுவில் எந்த வழியாக வேண்டுமானாலும் வா, நான் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். ஆராய்ச்சிச் சுதந்திரம் என்பது அதுதான்."

"கணக்குல வராததை எப்படி சார் போடறது?"

ராவ் பகதூருக்குக் கோபம் வரவில்லை. அவர் வருத்தப்பட்டார். "உனக்கு வயசு போதாது. உண்மை உனக்குத் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறாய். உனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? நீ உதவி ஆராய்ச்சியாளன். உண்மை என்பது மேலிருந்து கீழே வரவேண்டும். கீழிருந்து மேலே போனால் அதற்குப் பெயர் புகார்."

கட்டுரை அலமாரிக்குப் போயிற்று. ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. ராவ் பகதூர் கதர் ஜிப்பா போட்டுக்கொண்டு கொடி ஏற்றினார். முடிவில்லாத விடைகளை வெள்ளைக்காரன் நம்மேல் சுமத்தியிருந்தான் என்றும், நாம் எட்டோடு நிறுத்தித் தன்மானத்தைக் காத்தோம் என்றும் பேசினார். போர்டில் டைரக்டர் பெயருக்கு முன்னால் இருந்த 'ராவ் பகதூர்' என்ற எழுத்துகளின்மேல் வெள்ளை அடித்தார்கள். மழை பெய்தால் அவை மறுபடி தெரிந்தன.

செப்டம்பரில் துளசிங்கம் தன்னிடம் இருந்த கரட்டுப் பிரதியை அழகாகத் திருப்பி எழுதி, திருத்தணி தபாலாபீசுக்குத் தானே எடுத்துக்கொண்டு போய், கடல் தபாலில் போட்டான். மேலே போகாமல் ஒரு காகிதத்தை வெளியே அனுப்பியது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆனால் பதில் வரவேண்டிய விலாசமாக வழக்கம்போல நிலையத்தின் விலாசத்தையே எழுதிவிட்டான்.

ஜனவரியில் பதில் வந்தது. நாராயணசுவாமி அதை உடைத்துப் படித்துவிட்டுத்தான் அவனைக் கூப்பிட்டார். பத்திரிகை ஆசிரியர் மரியாதையாக எழுதியிருந்தார். துளசிங்கத்தின் வழி சரியானது, விடையும் சரியானது. ஆனால் இதே வழியில் வேறொருவர் கண்ட விடை சில மாதங்களுக்கு முன்னால் வெளிவந்துவிட்டது. இவனுடைய கட்டுரை வந்து சேர்ந்த தேதி நவம்பர். ஆகவே பிரசுரிக்க இயலாததற்கு வருந்துகிறோம்.

துளசிங்கம் கடிதத்தை இரண்டு முறை படித்தான். சரியானது என்ற வார்த்தையைத்தான் இரண்டு முறையும் தேடிப் படித்தான். டிசம்பரில் கொடுத்த காகிதம் ஜனவரியில் கப்பல் ஏறியிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. உடனே அதை விட்டுவிட்டான். ஒரு ஈ அலமாரிக் கதவின்மேல் உட்கார்ந்து கால்களைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"இது பரவாயில்லை," என்றார் நாராயணசுவாமி. "ஆனா சர்க்கார் சொத்தை அனுமதியில்லாம தபால்லே போட்டிருக்கேள். அதுதான் பெரிய விஷயம்."

குற்றப்பத்திரிகை மூன்று பக்கம். '1946ஆம் வருஷம் டிசம்பர் மாதம் 11ஆம் தேதி மேற்படி துளசிங்கம் என்பவரால் எழுதி முடிக்கப்பட்டு, அன்றைய தினமே இந்நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டு, சர்க்கார் சொத்தாகிவிட்ட, எலக்ட்ரானின் எடை பற்றிய பத்துப் பக்கக் கட்டுரையை' என்று அது ஆரம்பித்தது. விடை முதலாக எல்லாவற்றையும் அதில் குறித்திருந்தார்கள். ஆபீஸ் முத்திரையும் டைரக்டர் கையெழுத்தும் இருந்தன.

நாராயணசுவாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நான் உமக்கு விரோதி இல்லை. ஒரு வழி இருக்கு. அந்தக் கட்டுரையை ஆபீசிலே கொடுக்கவே இல்லை, அது வீட்டிலே பொழுதுபோகாம போட்ட கணக்குன்னு நாலு வரி எழுதிக் கொடும். அலமாரியிலே இருக்கறதை நான் பார்த்துக்கறேன். வேலை போகாது. மூணு வருஷத்திலே சீனியர் ஆயிடுவீர்."

துளசிங்கம் அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து அந்த மூன்று பக்கத்தையும் மணியம்மைக்குப் படித்துக் காட்டினான். அவள் பாவு நூலைச் சிக்கெடுத்துக்கொண்டே கேட்டாள். அவர்கள் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

"நான்தான் மொதல்ல போட்டேன்றதுக்கு ஒலகத்துலயே இந்த ஒரு காயிதம்தான் சாட்சி," என்றான். "இல்லன்னு எழுதிக்குடுத்தா வேல மிஞ்சும். ஆமான்னா இது மிஞ்சும்."

"இதை நம்ப கையிலயே வுட்டுவெப்பாங்களா?"

"மாட்டாங்க. நாளைக்குப் பதிலோட திருப்பிக் குடுக்கணும். ஆபீசுலதான் இருக்கும்."

அவள் ஒரு சிக்கைப் பிரித்துவிட்டு நூலைக் கீழே வைத்தாள். "எழுதினத எழுதலன்னு கையெழுத்துப் போட்டுட்டு, அப்பறம் அந்த ஜன்னலாண்ட உக்காந்து இன்னா பாவா எழுதுவீங்க? எங்க நைனா வூட்ல ரெண்டு தறி சும்மாதான் கீது. பாத்துக்கலாம்."

மறுநாள் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தான். 'மேற்படி கட்டுரை மேற்படி தேதியில் என்னால் எழுதி முடிக்கப்பட்டதே' என்று ஒரு வரி சேர்த்தான். நாராயணசுவாமி அதைப் படித்துவிட்டு, இப்படி ஒரு மனுஷனைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொன்னார். மார்ச் மாதம் வேலையில் இருந்து நீக்கினார்கள். குற்றப்பத்திரிகைக்கு ஒரு நகல் கேட்டான். வேலையில் இருப்பவருக்குத்தான் நகல் கொடுக்கலாம் என்று பதில் வந்தது. தராசு, குடுவை, அடுப்பு எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, கடைசிப் பென்சிலின் துண்டையும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

கனகம்மாசத்திரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. பஸ் நிற்கிற இடத்துக்குப் பின்னால் வீடு. பள்ளிக்கூடத்தில் காகிதம் கேட்டால் கொடுத்தார்கள். அதுவே அவனுக்குக் கொஞ்ச நாள் ஆச்சரியமாக இருந்தது.

1949இல் ஒரு சனிக்கிழமை காலை பியூன் சின்னசாமி திருத்தணி பஸ்ஸில் வந்து இறங்கினான். கையில் ஒரு தடித்த உறை. நாராயணசுவாமியின் கடிதம் மேலே இருந்தது.

'பணிநீக்கம் செய்யப்பட்டவர் என்ற முறையில் இத்துடன் இணைத்துள்ள அச்சுப் பிரதியைப் பார்வையிடத் தங்களுக்கு உரிமை இல்லை. ஆயினும் அச்சகத்தார் பல குறிகளைத் தலைகீழாகக் கோத்திருப்பதாகச் சந்தேகப்படுவதாலும், எது மேல் எது கீழ் என்று அறிந்தவர் தற்சமயம் நிலையத்தில் எவரும் இல்லாததாலும், தாங்கள் இதைத் திருத்தி, பிழையில்லை என்று சான்றளித்து அனுப்பும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள்.'

உள்ளே நிலையத்தின் புதிய வெளியீடு இருந்தது. 'எலக்ட்ரானின் எடை பற்றிய பிரச்சினைக்கு ஒரு தீர்வு. ஆசிரியர்: கஜபதி.' அடியில் ஒரு குறிப்பு: 'வெளிநாட்டார் இம்முறையை வெளியிடுவதற்கு எட்டு மாதங்கள் முன்னதாகவே, 1946 டிசம்பர் 11ஆம் தேதி, இக்கட்டுரை இந்நிலையத்தின் சொத்தாக இருந்தது என்பதற்கு அலுவலக ஆவணம் உள்ளது. பின்னர் இதை ஓர் ஊழியர் கடத்த முயன்று தண்டிக்கப்பட்டார்.'

துளசிங்கம் பக்கங்களைப் புரட்டினான். தன்னுடைய பத்துப் பக்கமும் வரிக்கு வரி இருந்தது. அவன் இரண்டாம் பக்கத்தில் அவசரத்தில் செய்த ஒரு சின்னப் பிசகுகூட அப்படியே இருந்தது. கடைசி வரி மட்டும் வேறு. முடிவில்லாதவை கழிந்து, மிச்சம் நிற்கும் சின்ன எண்ணுக்குப் பதிலாக, 'உரிய அலகில் எட்டு' என்று அச்சாகியிருந்தது. பக்கத்தில் விளக்கம்: 'நிலையத்தின் முந்தைய அறிவிப்புகளோடு ஒத்துப்போகும் பொருட்டு.' நாடெங்கும் உள்ள காலேஜுகளுக்கும், வெளிநாட்டுச் சங்கங்கள் நாற்பதுக்கும் இது இலவசமாக அனுப்பப்படும் என்று பின் அட்டையில் போட்டிருந்தது.

பழத்தைக் கடித்தபின் பாதிப் புழுவைப் பார்த்தவன் மாதிரி அவன் பிரதியை மூடிவைத்தான். பிறகு கொல்லைக்குப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"அதக் கெணத்துல போடுங்க," என்றாள் மணியம்மை.

"திங்கக்கெழமை வந்து வாங்கிக்கோ," என்று சின்னசாமியிடம் சொன்னான்.

சனியும் ஞாயிறும் பகல் முழுக்க உட்கார்ந்து திருத்தினான். நூற்று நாற்பத்து மூன்று பிழைகள் இருந்தன. தலைகீழாக நின்ற குறிகளை நேராக்கினான். விட்டுப்போன கோடுகளைப் போட்டான். இரண்டாம் பக்கத்தில் தான் செய்த பிசகையும் சரிசெய்தான். அசிங்கமான கையில் கிடந்தாலும் கணக்கு அழகாகத்தான் இருந்தது. அதைக் கோணலாக விட அவனுக்கு மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மணியம்மை பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிவப்பு மை இல்லாத ஒரே இடத்தில் விரலை வைத்தாள்.

"இந்தக் கடேசி வரிதான் தப்புன்னீங்க. இத ஒண்ணும் பண்ணல?"

"அது நான் எழுதினது இல்ல. அவரு எழுதினது. அடுத்தவங்க எழுத்துல நான் கை வெக்கறதில்ல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு மைப்புட்டியை எடுத்து மூடி வைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூட மணி அடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் சின்னசாமி வந்தான். துளசிங்கம் உறையை ஒட்டி அவனிடம் கொடுத்தான்.

"சூப்பரிண்டு அய்யா கேக்கச் சொன்னாரு சார். எல்லாம் சரியா கீதான்னு."

"என்னுது எல்லாம் சரியா கீதுன்னு சொல்லு," என்றான் துளசிங்கம். சட்டைப் பையில் சாக்குக்கட்டி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனான்.